முதல் தரக் காப்பகம்

ஜூன் 3, திங்கள்

பிரசவ விடுப்பு முடிய இன்னும் மூன்று வாரம். இருபத்து நாலாம் தேதி நான் வேலையில் போய் நிற்காவிட்டால் வேறு யாரையாவது அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். தாராளமாக வைக்கட்டும் என்று சொல்ல ஆசைதான். வீட்டு வாடகை அந்த நாற்காலியிலிருந்துதான் வருகிறது என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

என் வேலை குழந்தைகள் காப்பகங்களை ஆய்வு செய்வது. அரசுடையதும் தனியாருடையதுமாக இந்த வட்டத்தில் இருக்கிற அத்தனைக்கும் ஆறு வருடமாகத் தரம் போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது என் பிள்ளையை விட ஒரு காப்பகம் தேடி நாயாக அலைகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார். “எல்லாருக்கும் மார்க் போடுற ஆளு நீ. உனக்கா இடம் குடுக்க மாட்டாங்க?” என்கிறார். பஸ் டிப்போவில் மெக்கானிக். யாராவது ஒருவருக்கு அதிகாரியாக இருந்தால் உலகமே எழுந்து நிற்கும் என்று நம்புகிற அப்பாவி.

மகளுக்குப் பத்து மாதம். நாங்கள் வைத்த பெயர் பதிவேட்டில் இருக்கிறது, கூப்பிடுவது பட்டாணி. பால் ஒரு நிமிஷம் தாமதமானால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டுகிற அளவுக்குக் கத்துவாள்.

ஜூன் 5, புதன்

அரசு காப்பகத்துக்குப் போனேன். நீளமாக ஒரே கூடம். இருபத்தைந்து பிள்ளைகளுக்கான இடத்தில் நாற்பத்திரண்டு பேர். ஒரு டீச்சர், இரண்டு ஆயா. ஒரு மூலையில் ஓடு ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். வாளியைச் சுற்றிப் பிள்ளைகள் போகாதபடி நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு ஆயா இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று என்று நடந்தபடியே மூன்றாவதுக்கு மூக்கைத் துடைத்துவிட்டார்.

டீச்சரம்மா என்னைப் பார்த்ததும் எழுந்தார். “வாங்க மேடம். இந்த வாட்டி என்ன குறை?”

ஆய்வுக்கு வரவில்லை, பிள்ளைக்கு இடம் கேட்டு வந்தேன் என்றேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு சொன்னார்: “ரெண்டு வயசுக்குக் கீழ எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு மேடம். கைக்குழந்தை ரூமைப் பூட்டி ரெண்டு வருஷமாச்சு. உங்க அறிக்கைக்கு அப்புறம் வந்த உத்தரவுதான்.”

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால்கூட ஒரு பதில் சொல்லியிருப்பேன். கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

நினைவு வந்துவிட்டது. மூன்றாம் தரம் கொடுத்தவள் நான்தான். கைகழுவும் தொட்டி நான்கு விரற்கடை உயரம் கூடுதல். வாசலில் சரிவுப்பாதை இல்லை. சுவரில் சுத்தம் பற்றிய படம் இல்லை. தொட்டியை இறக்கிக் கட்டுகிறவரை அந்த அறையைப் பூட்டச் சொன்னார்கள். தொட்டிக்கான கோப்பு இன்னும் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறதாம்.

“அதில்லாம நாங்க ரெண்டு மணிக்கு மூடிடுவோம். நீங்க ரெண்டு மணிக்கு வர முடியுமா?” என்றும் கேட்டார். ரெண்டு மணிக்கு வேலை முடிகிற தாய் எந்த ஊரில் இருக்கிறாளோ, அவளுக்காக நடத்துகிறது அரசு.

ஜூன் 6, வியாழன்

நான்கு விரற்கடை.

ஜூன் 11, செவ்வாய்

தனியார் காப்பகத்தில் இடம் கிடைத்தது. உள்ளே நுழைந்ததும் வரவேற்பறைச் சுவரில் என் கையெழுத்து! ‘முதல் தரம்’ என்று நான் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சுற்றிலும் சின்ன விளக்குகள் கட்டி வைத்திருக்கிறார்கள்.

நடத்துகிற அம்மாள் வருவதற்கு முன்னால் அவருடைய வாசனை வரும். நான் மனசுக்குள் வைத்திருக்கிற பெயர் சென்ட்டம்மா. “நீங்க குடுத்த தரம்தான் மேடம் எங்க மூலதனமே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே ஆயா என்று சொல்லக் கூடாதாம். அரவணைப்பாளர் என்று சொல்ல வேண்டுமாம். பிள்ளை பிள்ளையாக இருக்கலாமா, அதற்கும் வேறு பெயர் உண்டா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இடம் வேண்டுமே.

கட்டணத்தைச் சொன்னார். கூட வந்திருந்த வீட்டுக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. என் சம்பளத்தில் பாதிக்கு மேல். “உங்களுக்குன்னா பாத்துப் போட்டுக்கலாம்” என்று சென்ட்டம்மா குழைந்தார். வேண்டாம், எல்லாரும் கட்டுவதையே கட்டுகிறோம் என்றேன். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்: “வேணாம்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு?”

ஆய்வு செய்கிற இடத்தில் சலுகை வாங்கினால் என்ன ஆகும் என்று விளக்கினேன். தலையாட்டினார். புரியவில்லை, களைத்துவிட்டார்.

ஜூன் 24, திங்கள்

விட்டுவிட்டு வந்தேன். தெருமுனை வரைக்கும் அவள் குரல் கேட்டது. அலுவலகத்தில் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பத்தேகாலுக்குக் கைபேசியில் படம் வந்தது: தலையில் மஞ்சள் காகிதக் கிரீடம், வாய் நிறையச் சிரிப்பு. ஒரு நாளைக்கு மூன்று படம் அனுப்புவார்களாம். எனக்கு உயிர் வந்தது. பக்கத்து மேசைக்காரரிடம்கூடக் காட்டினேன்.

ஜூலை 2, செவ்வாய்

‘தங்கள் குழந்தை நன்கு பழகிவிட்டாள். அழுவதே இல்லை’ என்று வாராந்தரக் குறிப்பு. பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

ஜூலை 6, சனி

மத்தியானம் பட்டாணியைத் தூங்கவைத்துவிட்டுத் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். அங்கே பக்கத்து வீட்டம்மாவிடம் பேசிய சுவாரஸ்யத்தில் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பதறிக்கொண்டு இறங்கி வந்தால் அவள் விழித்துத்தான் இருந்தாள். கழுத்து வரைக்கும் ஈரம். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் படுத்திருந்தாள். என்னைப் பார்த்தும் கையைத் தூக்கவில்லை.

“என்ன சமத்து பாரு!” என்றார் சாயங்காலம் டிப்போவிலிருந்து வந்த வீட்டுக்காரர். கீழ்வீட்டுக்காரர்கூட, இப்போதெல்லாம் குழந்தை இருக்கிற வீடு மாதிரியே தெரியவில்லை என்று பாராட்டினார்.

நானும் பெருமைப்பட்டேன். அதை இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது.

ஜூலை 13, சனி

மேசைக்காலில் முட்டிக்கொண்டாள். நல்ல அடி, எனக்கே கேட்டது. வாயைத் திறந்தாள். சுற்றிப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

கத்துடி. கத்தித் தொலையேன்டி. நான் இங்கதானே இருக்கேன்.

சமத்தாம் சமத்து! யாரும் வர மாட்டாங்கன்னு அந்தப் பிஞ்சுக்குப் புரிஞ்சுபோச்சு. இருபது நாள்ல புரியவெச்சிட்டாங்க. நான் காசு கட்டிப் புரியவெச்சிருக்கேன்.

ஜூலை 15, திங்கள்

காலை பதினோரு மணிக்குக் காப்பகத்துக்குப் போனேன். சொல்லாமல் போனேன். ஆறு வருடத்தில் இதுதான் முதல் தடவை. ஆய்வுக்கு ஏழு நாள் முன்னால் கடிதம் அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். கல்யாணத்துக்குத் தேதி சொல்கிற மாதிரி தேதி, நேரம் எல்லாம் போட்டு அனுப்புவோம். அவர்களும் அப்படியே தயாராகக் காத்திருப்பார்கள்.

வாசலில் காவலாளி மறித்தார். அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

கைக்குழந்தைகள் அறையில் பதினொரு பிள்ளைகள். ஆயா ஒரே ஒருவர். நல்ல உயரம், அங்கே எல்லாரும் நெட்டை அக்கா என்கிறார்கள். இரண்டு கையிலும் இரண்டு பிள்ளை, காலால் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். அறையில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். அவள் கையில் கைபேசி. ஒரு பிள்ளையை உட்கார வைத்து மஞ்சள் கிரீடத்தைப் போடுவாள், கிலுகிலுப்பையை ஆட்டுவாள், சிரித்ததும் ஒரு படம். கிரீடத்தைக் கழற்றி அடுத்த பிள்ளைக்கு. பதினொரு பிள்ளை, ஆளுக்கு மூன்று படம். அவளுடைய நாள் பூராவும் அதுதான் வேலை. என் பட்டாணி வரிசையில் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே பழகிய முகத்தோடு.

நான்கு பிள்ளைக்கு ஓர் ஆள் என்பது விதி. போன ஆய்வின்போது இங்கே மூன்று பேரை என் கண்ணால் எண்ணியிருக்கிறேன். மற்றவர்கள் எங்கே என்று நெட்டை அக்காவிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க வர்ற அன்னிக்கு இன்னொரு கிளையிலேர்ந்து ரெண்டு பேரு வேன்ல வந்து இறங்குவாங்க மேடம். நீங்க அந்தக் கிளைக்குப் போற அன்னிக்கு நானும் வேன்ல போவேன். என்னைய நீங்க ரெண்டு எடத்துலயும் பாத்திருக்கீங்க. எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு கேட்டீங்க, நல்லா இருக்கீங்களான்னு விசாரிச்சீங்க, அடுத்த கேள்விக்குப் போய்ட்டீங்க.”

மூஞ்சியில் தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது. கேட்டேன்தான். அன்றைக்கு மரியாதையாக நடந்துகொண்டோம் என்று எனக்குள் ஒரு திருப்தி வேறு.

“குழந்தை அழுதா தூக்க மாட்டீங்களா அக்கா?”

“எதைத் தூக்கறது மேடம்? கை ரெண்டுதானே. ரொம்பச் சத்தமா அழறதை முதல்ல தூக்குவேன். உங்க பொண்ணு முதல் வாரம் பூரா அழுதா. என்னால போக முடியல. அப்புறம் அவளே விட்டுட்டா.”

அவர் கண் கலங்கியிருந்தது. கையில் இரண்டு பிள்ளை இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

எங்கள் பிரிவுத் தலைவரை நான் முத்திரை ஐயா என்று குறிப்பிடுவது வழக்கம். எந்தத் தாள் வந்தாலும் குத்துவார், படிக்க மாட்டார். நேற்றுப் பார்த்ததை நான் எழுதிக் கொடுத்த படிவத்தை இன்று மட்டும் படித்தார்.

“முன்னறிவிப்பு இல்லாம போனா அது ஆய்வே இல்லம்மா. அதுவும் உங்க சொந்தக் குழந்தை இருக்கிற எடம்.”

“வேற ஆளை அனுப்புங்க சார்.”

“வேற ஆள் எங்க இருக்கு? இந்த வட்டத்துக்கே நீங்க ஒருத்தர்தானே.”

படிவத்தில் எண்பத்து நான்கு கேள்வி. சுவரின் உயரம், கதவின் அகலம், தீயணைப்பான் எத்தனை, குப்பைத்தொட்டிக்கு மூடி உண்டா. குப்பைக்கு மூடி உண்டா என்று கேட்கிறவர்கள், அழுகிற பிள்ளையைத் தூக்க ஆள் உண்டா என்று ஓர் இடத்திலும் கேட்கவில்லை. ஆறு வருடமாக நானும் அதைக் கவனிக்கவில்லை, பெரிய மேதாவி! பின்பக்கம் எழுதினேன். “பின்பக்கம் எழுதக் கூடாது” என்றார். ஆட்கள் எத்தனை என்கிற பதினேழாவது கேள்விக்கு, அரவணைப்பாளர் ஒன்று, பிள்ளைகள் பதினொன்று என்று முன்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன். அதை மறுக்க வழியில்லாமல் குத்தினார்.

பட்டாணி இன்றும் அங்கேதான் இருந்தாள். வேறு எங்கே விடுவது?

ஜூலை 29, திங்கள்

நோட்டீஸ் போயிற்று: இன்னும் இரண்டு பேரைப் போடு, இல்லையென்றால் கைக்குழந்தைகள் அறையை மூடு. சென்ட்டம்மா மூடிவிட்டார்.

“ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுத்தா கட்டணத்தை ஏத்தணும் மேடம். இப்பவே கட்ட முடியலன்னு கெஞ்சறாங்க. ஏத்தினா யாரு வருவா? நான் என்ன அன்னதானமா நடத்தறேன்?” என்று ஃபோனில் கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான். திருட்டு வேன் ஓட்டுகிறவர் வாயிலிருந்து நியாயம் வரும்போது கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. நெட்டை அக்காவையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம். என்னிடம் பேசியது தெரிந்துவிட்டது.

சாயங்காலம், காப்பக வாசலில் தினமும் பார்க்கிற இன்னொரு தாய் ஃபோனில் கூப்பிட்டார். மருத்துவமனையில் நர்ஸ். அவர் மகன் பட்டாணிக்குப் பக்கத்துத் தொட்டிலில் இருந்தவன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்:

“பதினொண்ணுக்கு ஒருத்தராவது இருந்தாங்க. இப்ப ஒருத்தரும் இல்ல. சந்தோஷமா? உங்களுக்கு உங்க ஃபைல் சுத்தமா இருக்கணும். நாங்க எங்க போறது?”

என்னை மாற்ற வேண்டும் என்று மேலிடத்துக்கு மனு போயிருக்கிறது. பத்துக் குடும்பம் கையெழுத்து. பதினொன்றாவது குடும்பம் நான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

வீட்டுக்காரர் மூன்று நாள் லீவு போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். முதுகு பிடித்துக்கொண்டது. பஸ் இன்ஜினுக்கு அடியில் நாள் முழுக்கக் கிடக்கிற முதுகு!

ஆகஸ்ட் 7, புதன்

‘தரமான மழலைப் பராமரிப்பு: அரசும் தனியாரும் கைகோத்து’ என்று கூட்டம். குளிரூட்டிய அறை, பிஸ்கட், திரையில் வண்ணப் படங்கள். விட இடமில்லாததால் பட்டாணியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே, “மேடம், உள்ளே குழந்தைங்களை அனுமதிக்கறது இல்ல” என்றார்கள். குழந்தைகளைப் பற்றித்தான் கூட்டம் என்றேன். அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி வரிசையில் உட்காரவிட்டார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஆலோசகர் ஒருவர், பெற்றோருக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று நாற்பது நிமிஷம் பேசினார். நல்லது எது என்று தெரிந்து தேர்ந்தெடுக்கப் பழக வேண்டுமாம். ஒன்றும் இல்லாத இடத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கக் கை தூக்கினேன். நேரம் முடிந்துவிட்டது. முன்வரிசையில் சென்ட்டம்மா, தனியார் தரப்புப் பிரதிநிதியாம். அரசு தரப்பில் முத்திரை ஐயா. டீச்சரம்மாவைக் கூப்பிடவே இல்லை. அவர் வந்தால் நாற்பத்திரண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது?

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மருந்துக்கடையில் நெட்டை அக்காவைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவரே வந்து பட்டாணியின் கன்னத்தைக் கிள்ளினார். வீட்டிலேயே மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாராம்.

“இவளையும் விடுங்க. காலைல ஏழு மணியிலேர்ந்து யார் எப்ப வந்தாலும் வாங்கிப்பேன். நாலுக்கு மேல எடுக்க மாட்டேன். நாலுன்னா என் கைக்கு அடங்கும்.”

கேட்ட தொகை பழைய கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு.

“பதிவு பண்ணியிருக்கீங்களா அக்கா?” வாய் தானாகக் கேட்டுவிட்டது. என்ன செய்வது, ஆறு வருடப் பழக்கம்.

“அதுக்கு என்னென்ன வேணும்?”

ஒப்பித்தேன். இரண்டு வழி, சரிவுப்பாதை, தனிச் சமையலறை, சின்னக் கழிப்பறை மூன்று, விளையாட்டு முற்றம். அவர் இருப்பது ஒன்றரை அறை. மருந்துக்கடை வாசலில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

விட்டுவிட்டேன். பதிவில்லாத இடத்தில், ஆய்வாளரின் மகள். தெரிந்தால் வேலை போய்விடும்.

நேற்று வீட்டுக்காரர் அங்கே போய்ச் சமையல் மேடைக்குக் குறுக்கே இடுப்புயரக் கம்பிக்கதவு போட்டுக் கொடுத்தார். ஜன்னலுக்கும் கம்பி. இந்த மனிதரைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதில் கொஞ்சத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இன்று காலை அந்த வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து அந்த நர்ஸ் வெளியே வந்தார்.

“நீங்களா!”

“நீங்களா!”

அவர் மகனை விட்டுவிட்டுப் போகிறார். என்மேல் மனுப் போட்டவர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். “நான் உங்களைப் பாக்கல” என்றார். “நானும்தான்” என்றேன். படியிறங்கும்போது அவர் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

பட்டாணி இன்னொரு பிள்ளையின் கையைக் கடித்துவிட்டாளாம். நெட்டை அக்கா அதட்டியதும் அப்படியொரு அழுகையாம், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டாராம். வீட்டுக்கு வந்ததும், பால் ஒரு நிமிஷம் தாமதமானதற்கு இங்கேயும் அப்படியே கத்தினாள். இரண்டு மாதமாக விட்ட தூக்கம் இன்று சாயங்காலம் ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்த இடத்தில் என்னைச் சாய்த்துவிட்டது.

செப்டம்பர் 9, திங்கள்

உத்தரவு வந்திருக்கிறது. வட்டத்தில் பதிவு பெறாமல் வீடுகளில் நடக்கும் காப்பகங்களைத் தெருத்தெருவாகக் கண்டுபிடித்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். பட்டியலில் உள்ளவை பத்து நாளில் மூடப்படும். குழந்தைகளின் பாதுகாப்பு கருதியாம். புகார் கொடுத்தது தனியார் காப்பக உரிமையாளர் சங்கம். தலைவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடிதத்திலேயே வாசனை அடித்தது.

“நீங்கதான் நேர்மையான ஆளாச்சே. ஒண்ணு விடாம எழுதுங்க” என்றார் முத்திரை ஐயா.

செப்டம்பர் 20, வெள்ளி

பத்து நாள் நடந்தேன். சொல்லாமல் போனேன். ஏழு வீடு. பென்சிலால் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டேன். ஒரு வீட்டில் கணவன் மனைவி இருவருமாக ஐந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். நான் பார்த்த காப்பகங்களிலேயே சுத்தமானது. மூன்று வீடு பரவாயில்லை ரகம். இன்னொன்றில் பிள்ளைகள் டிவிக்கு முன்னால் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள், ஆனாலும் வயிறு நிறைந்திருந்தது. நெட்டை அக்கா வீடு ஒன்று.

ஏழாவது வீடு மோசம். எட்டுப் பிள்ளைகள், தரையில் எரிகிற அடுப்பு, வெளியே தாழ்ப்பாள்.

ஏழாவதை மட்டும் எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். ஒன்று எழுதினால் அடுத்த தெருவில் ஏன் இல்லை என்று பறக்கும் படையை அனுப்புவார்கள். ஏழும் போகும். முப்பத்து மூன்று பிள்ளை. அவர்களுடைய அம்மாக்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள்.

இன்று மத்தியானம் படிவத்தை எடுத்து, ‘பதிவு பெறாத காப்பகங்கள்’ என்பதற்கு எதிரே ‘எதுவும் இல்லை’ என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சென்ட்டம்மா இல்லாத ஆளை வேனில் கொண்டுவந்து காட்டினார். நான் இருக்கிற பிள்ளைகளை இல்லை என்று எழுதிவிட்டேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஊரையெல்லாம் ஏளனம் செய்து இந்த நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு இது வேண்டியதுதான்.

முத்திரை ஐயா படிக்காமல் குத்தினார்.

அதற்கப்புறம் ஏழாவது வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். மூட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இரண்டு பேருமாக அடுப்பைத் தூக்கி மேசைமேல் வைத்தோம். வெளித்தாழ்ப்பாளைக் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். நாலு பிள்ளைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். “மத்த நாலை நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?” என்று கேட்டார். துணைக்கு யாராவது ஆள் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி அங்கே போக வேண்டும். அவரிடம் சொல்லவில்லை.